எச்சரிக்கை: "மான் கறி என்றால் அப்படித்தான் வாடை அடிக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

184 பவுண்ட். தீபாவளிக்கு மான் கறி வாங்கப் போய் நான் பறிகொடுத்த தொகை இது. வயிறு எரிகிறது, அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். காட்டில் சுட்ட மானை வேட்டைக்காரரே வெட்டி வீட்டுக்கு அனுப்புவதாக விளம்பரம் செய்யும் இணையவழி இறைச்சி வியாபாரம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் பலர் குளிர்காலம் வந்தாலே "மான் கறி நன்றாக இருக்குமா, எப்படிச் சமைப்பது?" என்று கேட்கிறார்கள். அதற்கும் கடைசியில் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மான் கறி நன்றாக இருக்கும், மிக நன்றாகவே இருக்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதும் அதன் கறியை விற்பதும் குற்றம். அது சரியான சட்டம். அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு அதன் ருசியே தெரியாது. இங்கே நிலைமை வேறு. பிரிட்டனில் ஆறு வகை மான்கள் காடுகளில் திரிகின்றன. அவற்றை அடித்துத் தின்ன ஓநாய் இல்லை, அது எப்போதோ அழிந்துவிட்டது. மான்கள் பெருகி இளம் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து காட்டையே மொட்டையடித்துவிடுகின்றன என்பதால் சட்டப்படி சுடுகிறார்கள். அந்தக் கறிதான் கடைக்கு வருகிறது. ரோ என்ற சிறுமானின் கறியை ஸ்காட்லாந்தில் ஒரு கசாப்புக் கடையில் வாங்கிச் சமைத்திருக்கிறோம். கருஞ்சிவப்பு நிறம், மெல்லிய நார், கொழுப்பே இல்லாத சதை, மென்று முடிக்கும்போது நாக்கில் லேசான இனிப்பு. வாடை என்று சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் எலும்பைக்கூட விடவில்லை.

அந்த நினைவில்தான் இந்தத் தீபாவளிக்கு ஆசைப்பட்டோம். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். கவன்ட்ரியிலிருந்து அக்கா குடும்பமும் வருவதாக இருந்தது.

நான் எதையும் விசாரிக்காமல் பணம் கட்டியவன் அல்ல. அந்த ஆளிடம் தொலைபேசியில் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினேன். எந்த வகை மான் என்று கேட்டேன். "ரோ, இளம் ஆண்" என்றான். அக்டோபரில் ஆண் மான் கறி வாடை அடிக்காதா என்று கேட்டேன். "ரோவுக்கு இணைசேரும் பருவம் ஜூலை, ஆகஸ்டோடு முடிந்துவிடும், இப்போது நன்றாக மேய்ந்து தேறியிருக்கும். சிவப்பு மானுக்குத்தான் அக்டோபர் கெட்ட மாதம்" என்றான். அது உண்மையும்கூட. இங்கிலாந்தில் ஆண் ரோவைச் சுடும் காலம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. அதையும் அவனே சொன்னான். பிறகு நான் கேட்காமலேயே, "நீங்கள் குழம்பு வைப்பதானால் பின்தொடையை அதற்கு வீணாக்காதீர்கள், முன்சப்பையை வாங்குங்கள், வேக வேக அதுதான் பதமாக வரும்" என்றான். விலை குறைந்த துண்டை வாங்கச் சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த இடத்தில்தான் என் மனம் முழுதாக அவன் பக்கம் சாய்ந்தது. சற்று நேரத்தில் ஒரு படமும் அனுப்பினான்: குளிர்அறையில் தொங்கும் மான், பக்கத்துச் சுவரில் 3 டிகிரி காட்டும் வெப்பமானி.

இரண்டு பின்தொடை, மூன்று கிலோ முன்சப்பை, ஒரு கிலோ முதுகுக்கறி. கூரியர் செலவும் சேர்த்து 184 பவுண்ட். "அட்டையில் கட்டினால் எனக்குக் கட்டணம் பிடிக்கிறார்கள், வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், முதுகுக்கறியில் கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன்" என்றான். சிறு வியாபாரி, நாலு காசு மிச்சப்படுத்த நினைக்கிறான் என்று அப்படியே அனுப்பினேன்.

பார்சல் தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை வந்தது. பெட்டியின் அடிப்பக்கம் நனைந்து அட்டை ஊறியிருந்தது. உள்ளே ஐஸ் பொட்டலங்கள் கொழகொழவென்று வெதுவெதுப்பாகக் கிடந்தன. காற்று நீக்கிய உறை சதையோடு ஒட்டி இறுகியிருக்க வேண்டும். இதுவோ தலையணை போல உப்பியிருந்தது. தொடையின் நடுவில் வெப்பமானியைச் செருகினேன். 16 டிகிரி. காட்டு மான் இறைச்சியை 7 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது என்பது இங்குள்ள விதி.

உறையைக் கீறியதும் வந்த வீச்சத்தில் மாமியார் ஜன்னலைத் திறக்க ஓடினார். இப்படி அடைத்து வந்த கறியைத் திறந்ததும் முதலில் ஒரு புளித்த வாடை வருவதும், காற்றுப்பட வைத்தால் கால்மணி, அரைமணியில் அது போய்விடுவதும் எனக்குத் தெரியும். ஆகவே தட்டில் வைத்துக் காத்திருந்தேன். போகவில்லை, ஏறியது. என் மாமனார் தேனிப் பக்கத்துக்காரர். ஊர்க் கோயில் கிடா வெட்டில் கறி பிரிப்பது பல வருடங்களாக அவர் பொறுப்பு. கத்தியை வாங்கித் தொடையை எலும்புவரை கீறினார். எலும்பை ஒட்டிய சதை பச்சை ஓடி, விரலில் பசை போல ஒட்டியது. குண்டு பட்ட இடத்தில் இரத்தம் கட்டி கறுப்பு ஜெல்லியாக நின்றது. அதில் கொத்தாக முடி. "மாப்பிள்ளை, இது ஆறவிடாமல் கட்டிய கறி. சூடு உள்ளேயே நின்று எலும்பிலிருந்து கெட்டிருக்கிறது. போதாததற்குக் கிடா மொச்சையும் அடிக்கிறது" என்றார்.

அது மட்டுமா? இரண்டு தொடை கேட்ட இடத்தில் வந்தது ஒரே துண்டு, இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்தது, நான்கு கிலோவுக்கு மேல். வளர்ந்த ரோ மான் உயிரோடு நிற்கும்போதே பெரும்பாலும் 25 கிலோவைத் தாண்டாது. அதன் பின்தொடை எலும்போடு சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோ இருந்தால் அதிகம். வந்தது அதைவிடப் பெரிய இனமான சிவப்பு மான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சிவப்பு மானில் ஆணுக்கு அக்டோபர் எப்படிப்பட்ட மாதம் என்று அவன் வாயாலேயே கேட்டிருந்தேன். தீனியை மறந்து, மூத்திரம் கலந்த சேற்றில் புரண்டு, நாளெல்லாம் முட்டித் திரியும் பருவம் அது. தெரிந்தே அனுப்பியிருக்கிறான்.

உடனே அழைத்தேன். எடுத்தான். "மான் கறி என்றால் அப்படித்தான் வாடை அடிக்கும், உங்களுக்குப் பழக்கமில்லை" என்றான். பச்சை நிறத்தைச் சொன்னேன். "அது வெளிச்சம்" என்றான். வெப்பநிலையைச் சொன்னதும், "நான் கொடுக்கும்போது குளிர்ச்சியாகத்தான் இருந்தது, கூரியர்காரனைக் கேளுங்கள்" என்றான். கடைசியில் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "நீங்கள் எப்படியும் மசாலாவை அள்ளிப் போடத்தானே போகிறீர்கள்? ஒன்றும் தெரியாது."

நாறிப்போன கறியை மூடி மறைக்கத்தான் நாம் மசாலா போடுகிறோம் என்று ஒருவன் நினைக்கிறான். அந்த நினைப்பில் நம் தலையில் கட்டுகிறான். 184 பவுண்ட் போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்து அரைக்கிற வீட்டில் கறியின் தரம் யாருக்கும் தெரியாதா?

மின்னஞ்சலில் படங்களோடு எழுதினேன். "கெட்டுப்போகும் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை" என்று ஒரு வரி வந்தது. இதுவும் ஏமாற்று. மனம் மாறிவிட்டது என்று 14 நாளுக்குள் திருப்பும் உரிமைதான் கெட்டுப்போகும் பொருளுக்கு இல்லை. சொன்ன பொருள் வராவிட்டால், வந்தது கெட்டிருந்தால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அதை மறுத்துப் பணம் கேட்கலாம். என்ன, கறி போன்ற பொருளுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். நான் அன்று மாலையே சொன்னேன். கடைக்காரர் அமர்த்திய கூரியரில் வழியில் என்ன ஆனாலும், பொருள் நம் கைக்கு வரும்வரை பொறுப்பு அவருடையது. இதை எழுதியதும், அடுத்த முறை வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று பதில். அடுத்த முறையாம்! அதற்கும் மறுப்பு எழுதியபின் அஞ்சலும் இல்லை, அழைப்பை எடுப்பதும் இல்லை. என் கருத்தையும் அவனுடைய பக்கத்திலிருந்து நீக்கிவிட்டான். வங்கியோ, நீங்களே அனுப்பிய பணம், பொருளும் வந்திருக்கிறது, இது வியாபாரத் தகராறு என்று கைவிரித்துவிட்டது.

தீபாவளியன்று கோழிக்குழம்பு வைத்தோம். 184 பவுண்ட் கறி கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்குப் போனது. ஒரு உயிரைக் கொன்று அதை இப்படி வீணாக்கியிருக்கிறான் என்ற கோபம் தனி.

மான் கறிக்குக் கெட்ட பெயர் வருவதே இப்படிப்பட்டவர்களால்தான். சுட்டவுடன் குடலை எடுக்க வேண்டும். குண்டு குடலில் பட்டிருந்தால் அந்தப் பாகத்தைத் தள்ளிவிட வேண்டும். உடம்புச் சூடு சீக்கிரம் அடங்கும்படி குளிர்அறையில் தொங்கவிட வேண்டும். அங்கே சில நாள் தொங்கினால் நார் இளகி ருசி கூடும். விரட்டி விரட்டிச் சுட்ட மானின் கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெடும். இதில் எது தவறினாலும் வருவதுதான் அந்த வாடை. "காட்டு வாடை, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் நல்ல மான் கறியைச் சாப்பிட்டதில்லை, அல்லது உங்களிடம் கெட்டதை விற்கப் பார்க்கிறார்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

எந்த வகை, ஆணா பெண்ணா, எந்த மாதம் சுட்டது: மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தொடையின் எடையைக் கேளுங்கள், எடை பொய் சொல்லாது. அனுமதி பெற்ற கூடத்தில் வெட்டிய கறியென்றால் பொட்டலத்தில் முட்டை வடிவ முத்திரைக்குள் அந்தக் கூடத்தின் எண் இருக்கும். எனக்கு வந்த பொட்டலத்தில் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. முடிந்தால் நேரில் போய் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பார்சலில் வந்தால் கூரியர்காரர் நிற்கும்போதே திறந்து, வெப்பநிலையைப் படமெடுங்கள்.

சமையலுக்கு: மேலே ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வையும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். முதுகுக்கறிக்கு மிளகும் உப்பும் போதும். நன்றாகக் காய்ந்த சட்டியில் புரட்டி, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அதிகம் வெந்தால் ஈரல் ருசி வந்துவிடும். முன்சப்பையை நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயத்தோடு சிறுதீயில் இரண்டரை, மூன்று மணி நேரம் விடுங்கள். கொத்துக்கறி மட்டும் உள்ளே முழுக்க வெந்தாக வேண்டும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத்துகள் இருக்கலாம். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் ஈயக் குண்டில் சுட்ட கறியைத் தவிர்ப்பது நல்லது.

வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பு என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க வங்கியிடம் ஒரு வழியாவது இருந்திருக்கும். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண்ணிலும், உங்கள் ஊர் கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். கறியை எறிவதற்கு முன் படமும் பொட்டலத்தின் சீட்டும் கைவசம் இருக்கட்டும்.

அந்த ஆள் அதே குளிர்அறைப் படத்தைப் போட்டு இப்போது கிறிஸ்துமஸுக்கு முன்பதிவு வாங்கிக்கொண்டிருக்கிறான். அப்படி யாருக்காவது பணம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், பார்சல் வரட்டும் என்று சும்மா இருக்காதீர்கள். இன்றே ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள், வங்கியையும் இன்றே அழையுங்கள்.