இணைகோடுகளை இழுத்துப் பார்க்க ஜியோஜீப்ரா

என் மகளுக்கு இணைகோடுகள் பாடத்தில் விடை வந்துவிடும், காரணம் வராது. "இது 65°" என்பாள், ஏன் என்று கேட்டால் "பார்த்தாலே தெரியுதேப்பா" என்பாள். அதற்காகத்தான் ஜியோஜீப்ராவைத் திறந்தோம். 2001இல் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மென்பொருள் இது. மாணவர்களுக்கு இலவசம், உலாவியிலேயே ஓடும்.

எல்லோரும் செய்வதுபோல இணைகோட்டுக் கருவியை எடுத்து இரண்டு கோடு போட்டு, குறுக்குவெட்டியை (இரண்டையும் வெட்டிப் போகும் கோடு) இழுத்து, ஒத்த கோணங்கள் (இரண்டு வெட்டுப்புள்ளியிலும் ஒரே இடத்தில் அமைபவை) சமமாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இரண்டாவது கோட்டை மட்டும் அந்தக் கருவி இல்லாமல், தனியாக இரண்டு புள்ளி வைத்து வரையுங்கள். எட்டுக் கோணங்களையும் அளந்துவிட்டு ஒரு புள்ளியை லேசாக நகர்த்துங்கள். ஒத்த கோணங்கள் உடனே பிரிந்துவிடும், ஒன்றுவிட்ட உட்கோணங்களும் (இரண்டு கோடுகளுக்கு நடுவே, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பவை) அப்படியே, ஒரே பக்க உட்கோணங்களின் கூடுதலும் 180°-ஐ விட்டு விலகும். ஆனால் குத்தெதிர்க் கோணங்கள் (ஒரே வெட்டுப்புள்ளியில் எதிரெதிரே இருப்பவை) அசையாமல் சமமாகவே நிற்கும்! எந்தக் காரணத்துக்கு "கோடுகள் இணை" என்று எழுத வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அந்த ஒரு இழுப்பில் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் எத்தனையோ நாள் வாயால் சொல்லிப் பார்த்த விஷயம் அது.

அப்புறம் முக்கோணம். உச்சிப்புள்ளியை எங்கே இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180° தான். ஏன் என்று திரை தானாகச் சொல்லாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டால், கீழே உள்ள இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட உட்கோணங்களாக மேலே வந்து, உச்சிக் கோணத்தின் இருபுறமும் உட்கார்ந்து நேர்கோட்டை நிரப்பிவிடும். அந்தக் கோட்டைப் போடத் தோன்றுவதுதான் நிரூபணத்தின் உயிர், அது நம் தலையில் இருந்துதான் வர வேண்டும்.

திரை காட்டும் அளவை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எண்களைச் சில தசம இடங்களுக்கு முழுமையாக்கித்தான் காட்டும், ஆகவே கோடு மயிரிழை சாய்ந்திருந்தாலும் இரண்டு கோணமும் ஒரே எண்ணாகத் தெரியலாம். அதனால் இழுத்துப் பார்த்த கையோடு திரையை மூடிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோணம் அளக்கும்போது ஒரு கரத்தின் புள்ளி, உச்சி, மறு கரத்தின் புள்ளி என்று தொடுங்கள், முதல் கரத்திலிருந்து மறு கரத்துக்குக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும்படி, இல்லாவிட்டால் 65°-க்குப் பதில் 295° வந்து நிற்கும்.