சேமநிதி விளக்கத்தாள் அச்சடிக்கக் கொடுத்து ஏமாந்தோம்: பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தவர் கவனத்திற்கு

சங்கம், ஆலயம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எதற்காகவாவது மக்களுக்கு விளக்கத்தாள் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பக்கத்துப் பெரிய ஊரில் உள்ள ஓர் அச்சகத்தில் எங்கள் மகளிர் குழு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஆயிரம் தாள் வாங்கியது. வந்தது, படிப்பவரைத் தவறாக நம்பவைக்கும் தாள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே வேலையை எந்தக் கடையும் செய்யலாம் என்பதால் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

2024 மே 11 முதல் மலேசிய ஊழியர் சேமநிதியில் (இ.பி.எஃப்.) 55 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு மூன்றாகியது. மாதம் செலுத்தும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 விழுக்காடு செஜாத்தெரா கணக்குக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல் கணக்குக்கு. கடைசிக் கணக்கிலிருந்து மட்டும்தான் எப்போது வேண்டுமானாலும், குறைந்தது 50 வெள்ளி என்ற அளவில், எடுக்கலாம். இந்த மாற்றம் வந்ததிலிருந்து எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "எவ்வளவு எடுக்கலாம்?" ஆளுக்கொரு பதில்.

எங்கள் ஊரைப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் உருவானது இங்கேதான். லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது குலை வெட்டுகிறார்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள், பள்ளிகளில் துப்புரவு செய்கிறார்கள், பாதுகாவலர்களாக நிற்கிறார்கள். பலர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள். தமிழில் ஒரே ஒரு தாள், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துப் பார்க்கக்கூடிய மாதிரி வேண்டும் என்று நினைத்தோம். வாசகத்தை நாங்களே எழுதி, சேமநிதி வாரியத்தின் அறிவிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்த்தோம்.

கடைக்காரரிடம் முதலில் சொன்னதே யார் படிக்கப் போகிறார்கள் என்பதைத்தான். வேலை முடிந்து இரவில், மங்கிய விளக்கில், பாதிப் பேர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்ப்பார்கள் என்றோம். தலையாட்டினார். "எங்ககிட்ட டிசைனர் இருக்காரு அக்கா, இன்ஃபோகிராஃபிக் பேக்கேஜ் தனியா எடுத்துக்குங்க, நல்லா பண்ணிடுவோம்" என்று அதற்கு மட்டும் 600 வெள்ளி சேர்த்தார். ஒரு மாதிரித் தாளும் அடித்துக் காட்டினார். எழுத்து 12 புள்ளி, தாள் 128 கிராம் ஆர்ட் பேப்பர், மூன்று கணக்குகளுக்கும் அளவுக்கேற்ற ஒரு நீளப் பட்டை. நன்றாகவே இருந்தது. தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். அந்தத் தாள் பத்திரமாக எங்களிடம் இருக்கிறது.

கட்டுகளைப் பிரித்தபோது அந்த மாதிரித் தாளில் இருந்த எதுவும் இல்லை. நீளப் பட்டையைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வட்டம், அதில் சரிசமமாக மூன்று துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் 75, 15, 10 என்று எண்கள். எங்கோ கிடைத்த ரெடிமேட் வரைபடத்தை எடுத்து எண்ணை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்திருக்கிறார்கள். எண்ணை மாற்றினால் வட்டம் தானாக மாறாது. 75 விழுக்காடு என்றால் வட்டத்தில் முக்கால் பாகம் இருக்கவேண்டும், 10 விழுக்காட்டுக்கு ஒரு மெல்லிய கீற்றுதான்.

இது என்ன பெரிய தப்பு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா தொழிற்சாலையில் 1,700 வெள்ளி சம்பளம் வாங்குகிறார். தாளைக் கையில் வாங்கி வட்டத்தைத்தான் பார்த்தார். "மூணுல ஒரு பங்கு எப்ப வேணும்னாலும் எடுக்கலாமா தங்கச்சி? அப்ப பையனோட மோட்டார் தவணைக்குப் போதுமே!" அவர் சம்பளத்தில் 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி போடுவது 13 விழுக்காடு, 221 வெள்ளி. இரண்டும் சேர்ந்து மாதம் 408. மூன்றில் ஒரு பங்கு என்றால் 136 வெள்ளி வரும். ஃபிளெக்சிபெல் கணக்குக்கு உண்மையில் போவது 40 வெள்ளி 80 காசு. இந்த வித்தியாசத்தை நம்பி ஒரு தாய் தவணைக் கடனில் கையெழுத்துப் போட்டிருந்தால் யார் பதில் சொல்வது?

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "நம்பர் சரியாத்தானே இருக்கு அக்கா? படம் சும்மா அழகுக்குலா" என்றார். என் கோபம் அங்கேதான் தொடங்கியது. எழுத்து கூட்டிப் படிக்கச் சிரமப்படும் ஒருவருக்கு முதலில் பேசுவது படம்தான். எண்ணும் படமும் வேறுவேறு சொன்னால் அவர் படத்தைத்தான் நம்புவார்.

மறுபக்கத்தில் தொழிலாளி, முதலாளி சந்தாவுக்கு இரண்டு பணமூட்டைகள். 13க்கான மூட்டையை 11க்கானதைப் போல இரு மடங்கு உயரமாகவும், இரு மடங்கு அகலமாகவும் வரைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரட்டித்தால் கண்ணுக்குத் தெரியும் பரப்பு நான்கு மடங்காகிவிடும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் என்பவர் படிக்காத மக்களுக்கும் புரியும்படி புள்ளிவிவரப் படங்கள் செய்தபோது வைத்துக்கொண்ட விதியே இதுதான்: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தை இன்னும் சில முறை வரை. 600 வெள்ளி வாங்கிய டிசைனருக்கு அதுகூடத் தெரியவில்லை என்றால் அவர் எதை டிசைன் செய்தார்?

அடுத்தது தமிழ். மாதிரித் தாளில் சரியாக இருந்த எழுத்து இறுதித் தாளில் உடைந்துவிட்டது. ‘சேமநிதி’யில் ‘ச’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்கு ‘சமேநிதி’ என்று தெரிகிறது. ‘பெயர்’ ‘பயெர்’ ஆகிவிட்டது. அடோபி இன்டிசைன் போன்ற மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு இப்படித்தான் இடம் மாறும். சில சொடுக்குகளில் சரியாகிற வேலை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட அந்தத் தாளை அச்சுக்கு முன் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எழுத்தளவு 7 புள்ளிக்கு இறங்கியிருந்தது. கோட்டு சூட்டு போட்ட சிலர் கைகுலுக்கும் படத்துக்கும், கடையின் சொந்த விளம்பரத்துக்கும் இடம் வேண்டுமாம்! தமிழ் எழுத்துகளுக்கு மேலே கொக்கி, கீழே சுழி உண்டு. வரிகளை நெருக்கினால் ஒன்றின் சுழி அடுத்ததன் கொக்கியில் இடிக்கும். அப்படியே இடித்தது.

தாளும் வேறு. பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்ததால் சந்தேகம் வந்து சமையலறைத் தராசில் வைத்தோம். தாளுக்குச் சொல்லும் கிராம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 128 கிராம் தாள் என்றால் ஒன்று 8 கிராம், பத்துத் தாள் 80 கிராம் இருக்கவேண்டும். எங்களுடையது 50 கிராம். அதாவது, விலைப்பட்டியலில் 128 கிராம் ஆர்ட் பேப்பர் என்று போட்டுவிட்டு 80 கிராம் சிமிலி பேப்பரை (பளபளப்பில்லாத சாதாரணத் தாளை) எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். சிமிலி மட்டமான தாள் அல்ல, விளக்கொளியில் மினுங்காததால் படிக்கக்கூட நல்லது. ஆனால் அதன் விலை வேறு.

திருப்பி அடித்துத் தரச் சொன்னோம். அடுத்த ஆர்டரில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருகிறேன் என்றார். சரி, மூலக்கோப்பையாவது கொடுங்கள் என்றால் அதற்கு 300 வெள்ளி தனி. பிறகு போனை எடுப்பதே இல்லை.

கொடுக்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலில் தாளின் கிராம், எழுத்தளவு, திருத்தக்கூடிய கோப்பு நமக்குத்தான் சொந்தம் என்பது, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கையெழுத்திட்ட மாதிரித் தாளை அவர்களிடம் விடாதீர்கள். முழு எண்ணிக்கையும் ஓடுவதற்கு முன் மெஷினிலிருந்து வரும் முதல் தாளைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று சொல்லுங்கள். அந்த முதல் தாளை, யாருக்காக அடிக்கிறீர்களோ அவரிடமே கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நம் மனம் நோகாமல் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இதைப் பார்த்தா நீங்க எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கல்யாண அழைப்பிதழ் போல வீட்டு விசேஷத்துக்கு அடித்து ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். எங்களுடையது அப்படியல்ல, குழுவுக்காக அடித்தது. ரசீது பொருளாளர் பெயரில் இருப்பதால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைக்கு, வழக்கறிஞர் வைக்காமல், அவரே மனுப் போடுகிறார்.

குழுவில் மறுபடி பணம் திரட்டி வேறோர் இடத்தில் புதுத் தாள் அடித்தோம். அதில் வட்டமே கிடையாது. ஒரே வரிசையில் இருபது கட்டங்கள், ஒவ்வொன்றும் 5 விழுக்காடு: பதினைந்து அடர்நீலம், மூன்று வெளிர்நீலம், இரண்டு வெள்ளை. அதே பக்கத்து வீட்டு அக்கா வெள்ளைக் கட்டங்களை விரல் வைத்து எண்ணிவிட்டு, "அப்ப மாசம் நாப்பது வெள்ளிதானா?" என்றார்.

தப்பான தாள் நாங்கள் நிறுத்துவதற்குள் நூறுக்கு மேல் வெளியே போய்விட்டது. மூன்று வண்ண வட்டம் போட்ட சேமநிதித் தாள் உங்கள் வீட்டிலோ வேலையிடத்துப் பலகையிலோ இருந்தால் எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது ஆலய மண்டபத்தில் கொடுத்துப் புதுத் தாள் வாங்கிக்கொள்ளலாம். அந்த வட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு யாராவது தவணைக்குக் கையெழுத்திடப் போகிறார் என்று தெரிந்தால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.