டாஷ்வுட் அக்கா தங்கச்சிங்க: 1995 படமா, 2024 படமா?

இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஜேன் ஆஸ்டின் எழுதுன இங்கிலீஷ் நாவல் சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி, டாஷ்வுட் குடும்பத்து அக்கா தங்கச்சிங்க கதை. அத வச்சு எடுத்த படங்கள்ல எந்த வெர்ஷன் பாக்கலாம்னு கேக்குறவங்களுக்கு. (நம்ம கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் கூட இதே கதைதான், அது இப்ப வேணாம்.)

நடிகர்கள்:
1995 – எம்மா தாம்சன், கேட் வின்ஸ்லெட், எல்லாருமே வெள்ளைக்காரங்க. ஆனா டைரக்டர் ஆங் லீ தைவான்காரர்.
2024 – ஹால்மார்க்ங்கிற அமெரிக்க சேனலோட டிவி படம். டெபோரா அயோரிண்டே, பெத்தனி அன்டோனியான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேருமே கறுப்பினப் பொண்ணுங்க.

"அந்தக் கால இங்கிலாந்துல பெரிய வீடுகள்ல கறுப்பினப் பொண்ணுங்க இருந்தாங்களா"ன்னு உடனே கெளம்பிடுவாங்க. இருந்தாங்கப்பா, டைடோ எலிசபெத் பெல்னு ஒருத்தங்க, அம்மா அடிமையா இருந்தவங்க, லண்டன்ல கென்வுட் மாளிகைல வளந்தாங்க, சொந்தக்காரப் பொண்ணோட சேந்து நிக்கிற ஓவியமே இருக்கு. அதவிட, நாவல்ல அக்கா எலினாருக்கு வயசு 19, அந்த ரோல்ல நடிச்ச தாம்சன் அப்ப 35 தாண்டியாச்சு, அத மட்டும் எல்லாரும் ஈசியா ஏத்துக்கிட்டோம், கலர் மாறுனாதான் லாஜிக் ஞாபகம் வருது.

திரைக்கதை:
1995 – தாம்சனே எழுதி ஆஸ்கார் வாங்குனது. மேஜைக்கடியில ஒளிஞ்சிருக்கிற கடைக்குட்டி மார்கரெட்ட வெளிய வரவைக்க, எலினாரும் அவளுக்குப் பிடிச்ச எட்வர்டும் நைல் நதி எங்க ஆரம்பிக்குதுன்னு வேணும்னே தப்பா பேசுவாங்க பாருங்க, செம!
2024 – நீளம் கம்மி, அதனால சில எடம் ஓடுது.

நடிப்பு, எழுத்துதான் முக்கியம்னா 1995. இந்த மாதிரி கதைல தன்ன மாதிரி மொகம் ஒன்னு ஹீரோயினா நிக்கணும்னு ஆசப்படுற பொண்ணு வீட்டுல இருந்தா, யோசிக்காம 2024 போடுங்க.