கொள்ளைநோய்க் காலச் சிறை ஆய்வு: நேரிலா, காணொலியிலா?

நாகர்கோவில் மாவட்டச் சிறை போன்ற இடங்களில் விசாரணைக் கைதிகள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். தொற்றும் அவ்வழியே நுழையும். 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், நெரிசலைக் குறைக்க மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கச் சொன்னதும் அதனால்தான்.

காணொலி ஆய்வில் தொற்று அபாயம் இல்லை, வாரந்தோறும்கூடச் செய்யலாம். ஆனால் கைபேசி காவலர் கையில். அவர் திருப்பும் பக்கம்தான் தெரியும்; பக்கத்தில் அவர் நிற்கையில் "சாப்பாடு நல்லா இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். யாரோடு பேசுவது என்பதை நிர்வாகம் தேர்ந்தெடுக்கக் கூடாது. பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதிலிருந்து நாமே கைதி எண்களைப் பொறுக்க வேண்டும்.

நேரில் போனால் கழிவறை நாற்றம், குழாயில் தண்ணீர், இரவில் ஓர் அறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் தெரியும். கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகளான நெல்சன் மண்டேலா விதிகளில் 84ஆம் விதி, ஆய்வாளர்களுக்கு முன்னறிவிப்பற்ற வருகையையும் தனிமைப் பேட்டியையும் அனுமதிக்கிறது. போகுமுன் பரிசோதனை, முகக்கவசம், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பேட்டி திறந்த முற்றத்தில். முதலில் கேட்க வேண்டியது, புதிதாக வந்தவர்களின் தனிமைப்படுத்தல் பதிவேடு. சேர்க்கைப் பதிவேட்டுத் தேதிகளோடு அது ஒத்துப்போகாவிட்டால் தனிமைப்படுத்தல் ஏட்டளவில்தான்.

தொற்று உச்சத்தில் காணொலி. தணிந்ததும் தாமதமின்றி நேரில். காணொலியை மட்டுமே நம்புவதை நாங்கள் ஆய்வாகவே கணக்கில் வைப்பதில்லை.