வெறும் சிமெண்ட் தரை, ஏழு வருடமாகக் கையால் கழுவல்: போய்ப் போய்த் திரும்பி வரும் எண்ணெய்க் கறை

"கார் ஷெட் தரையில எண்ணெய்க் கறை. ஆசிட் ஊத்தினா போயிடுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போகாது. காரணத்தையும் சொல்லாவிட்டால் அவர் எப்படியும் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிடுவார். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பாத்ரூம் ஆசிட் என்று விற்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கரைப்பது சிமெண்டை, எண்ணெயை அல்ல. ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைக்கிறதே, அழுக்கு கிளம்புகிறது என்று நினைக்க வேண்டாம். தரையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவாகக் கிளம்புகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கறை மேல் நுரையே வராது. சிமெண்டுக்கு மேல் எண்ணெய் போர்வையாகக் கிடப்பதால் அமிலம் அங்கே எட்டுவதில்லை. கறையைச் சுற்றியுள்ள நல்ல தரைதான் அரிக்கப்படுகிறது. மேல்பூச்சு போய் மணல் தெரிகிறது, தேய்த்தால் தூள் கொட்டுகிறது. அடுத்து சிந்தும் எண்ணெயை அந்தத் தரை முன்னைவிட வேகமாகக் குடிக்கும். ஆசிட்டிலிருந்து மிச்சம் தங்கும் குளோரைடு உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை இறங்கினால் துருதான். இதைத் 'தரை கிளீனர்' என்று பரிந்துரைப்பவர்கள் மேல் உண்மையிலேயே கோபம் வருகிறது. பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட்டை ஊற்றினால் வருவது குளோரின் வாயு. மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து.

இனி என் ஷெட் தரையின் கதை. 10க்கு 18 அடி, சிமெண்ட் பால் தேய்த்து முடித்த சாதாரண கான்கிரீட். ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் நிற்கின்றன. ஏழு வருடமாகப் பிரஷ், பக்கெட், வைப்பர் மட்டும்தான், பிரஷர் வாஷர் கிடையாது. பால் பூச்சுத் தரையில் குறுகிய நாசிலை அருகே பிடித்தால் கோடு கோடாக அரித்துவிடும். அந்த வம்பு வேண்டாம் என்றுதான் கையாலேயே கழுவுவது.

மண், டயர் புழுதி, மழைச் சேறு, ஓரத்துப் பாசி எல்லாவற்றுக்கும் கைக்கழுவலே போதும். முதலில் ஈர்க்குமாற்றால் நன்றாகப் பெருக்க வேண்டும். புழுதியோடு தண்ணீர் விட்டால் அது சேறாகி நுண்துளைகளில் போய் அடைந்துகொள்ளும். சுவரோரம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அதையும் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிட வேண்டும். தண்ணீர் பட்டால் கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும்.

கலவை இதுதான்: 5 லிட்டர் சூடான தண்ணீரில் 100 கிராம் சலவை சோடா, இரண்டு மேசைக்கரண்டி துணி சோப்புத்தூள். இரண்டும் சேர வேண்டும். சமையல் எண்ணெய் சோடா மாதிரியான காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறும், எஞ்சின் ஆயில் மாறாது. அதைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க விடுவது சோப்புத்தூளின் வேலை. போர் தண்ணீரின் கடினத்தைக் குறைத்து சோப்பை முழுதாக வேலை செய்ய விடுவது சோடா. ரப்பர் கையுறை கட்டாயம்.

பிரஷ் விஷயத்தில் ஒரு தவறு எல்லோரும் செய்வது. நைலான் இழை உள்ள கெட்டியான பிரஷ் வாங்கிவிட்டு உடம்பு பாரத்தை எல்லாம் அதன் மேல் போட்டு அழுத்துகிறார்கள். அழுத்தினால் இழை மடங்கிப் படுத்துவிடும், பக்கவாட்டுதான் தரையில் உரசும். அழுக்கைக் கிளப்புவது இழையின் நுனி. நுனி நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு லேசாகப் பிடித்து, குறுக்கும் நெடுக்கும் வேகமாக ஓட்டினால் பாதி உழைப்பில் முடியும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். ஒடிந்த கம்பித் துணுக்கு துளையில் மாட்டி, அடுத்த மழைக்குத் துருப்புள்ளியாகத் தெரியும்.

மூன்றடிக்கு மூன்றடியாகப் பிரித்துக்கொண்டால் இந்த ஷெட்டுக்கு இருபது கட்டங்கள். வாட்டம் வாசல் பக்கம் இருப்பதால் உள்சுவரில் ஆரம்பித்து வெளியே வர வேண்டும். கட்டத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டால் துளைகளில் நல்ல தண்ணீர் நிரம்பிக்கொள்ளும், அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்காது. எண்ணெய்க் கறை மட்டும் விதிவிலக்கு. அதை நனைக்காமல், காய்ந்த நிலையிலேயே கலவையை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடக் கூடாது, அதனால் காலை ஏழு மணிக்குள் ஆரம்பிப்பது நல்லது. வெயிலில் காய்ந்த சோப்பு தரையில் பிசுக்காகத் தங்கி, ஒரே வாரத்தில் புதுப் புழுதியை இழுத்துக்கொள்ளும். "கழுவின பிறகு இன்னும் சீக்கிரம் அழுக்காகுது" என்பவர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். தேய்த்த கையோடு அழுக்குத் தண்ணீரை வைப்பரால் வழித்து, இரண்டு முறை அலசி, மறுபடி வழிக்க வேண்டும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பக்கெட் ஆகும்.

ஒன்று கவனிக்க வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து பல வீடுகளில் வாசல் தண்ணீர் நேராகச் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. எண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீர் அதில் இறங்கினால் அது நம் கிணற்றுக்கே வந்து சேரும். குழி வாயில் ஈரச் சாக்கை அடைத்துவிட்டு, எண்ணெய்த் தண்ணீரை மரத்தூளில் உறிஞ்சி அள்ளிவிடுவது நல்லது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் தரை ஈரத்தில் அப்படியே புதிதாக இருக்கும். ஏமாற்றம் அங்கேதான். ஈரத்தில் முழுத் தரையும் ஒரே கருமையாக இருப்பதால் கறை தெரியாது. மறுநாள் காய்ந்ததும் நிழல் மாதிரி தெரியும். மூன்றாம் நாள், அதே இடம், அதே வடிவம்.

தேய்த்தது வீண் இல்லை. மேல்மட்டத்தில் இருந்த எண்ணெய் போய்விட்டது. பிரஷ் நுனி எட்டாத ஆழத்தில் கிடப்பது, தரை காயக் காய, சூட்டில் இளகி, விளக்குத் திரியில் ஏறுவது மாதிரி துளை வழியே மேலே வருகிறது. இன்னும் நூறு தடவை தேய்த்தாலும் ஆழத்தில் இருப்பது நகராது. மண்ணெண்ணெய் ஊற்றுவது அதைவிட மோசம். எண்ணெய் நீர்த்து இன்னும் கீழே இறங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

வழி, அந்த ஏற்றத்தையே பயன்படுத்திக்கொள்வது. மேலே வருவதைத் தரையில் தங்க விடாமல் ஒரு களிம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி, அந்தக் காலத்தில் கம்பளியின் பிசுக்கெடுக்கப் பயன்பட்ட அதே வகைக் களிமண், இதற்கு அருமையாக வேலை செய்கிறது. கோலமாவு உதவாது. அது அரைத்த கல், உறிஞ்சும் திறன் குறைவு. மட்டியில் பெயிண்ட் கடை டர்பெண்டைனை விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியில் நிற்கும் பதத்தில் பிசைய வேண்டும். கறையைத் தாண்டி நான்கு விரற்கடை அகலம், ஒரு சென்டிமீட்டர் கனம். ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் களிம்பு பிடிக்கும். பாலிதீன் தாளால் மூடி ஓரத்தை டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். பிறகு தாளை எடுத்துவிட்டு முழுதும் காய விட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் வழித்தால் பலன் பாதிதான், ஏனென்றால் காயும்போதுதான் அது எண்ணெயை இழுக்கிறது. காய்ந்ததைப் பட்டி பிளேடால் சுரண்டி, மேலே சொன்ன கலவையில் கழுவ வேண்டும். பூசியதிலிருந்து கழுவும் வரை கார் வெளியே, கதவு திறந்து, பக்கத்தில் நெருப்பே கூடாது.

புதுக் கறை பெரும்பாலும் ஒரே பூச்சில் போய்விடும். வருடக்கணக்கில் ஊறியது மூன்று, நான்கு பூச்சு கேட்கும். அதற்கு முன் சொட்டு நின்றிருக்க வேண்டும். இரவு காருக்கு அடியில் அட்டை விரித்தால் தெரிந்துவிடும். கறுப்பு என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில், ஆயில் வடிக்கும் திருகின் (டிரெயின் பிளக்) வாஷரை முதலில் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். ஏசி போட்டு வந்த பிறகு சொட்டும் சுத்தமான தண்ணீர் கோளாறே இல்லை.

அப்படியானால் நண்பருக்கு என் தீர்ப்பு? ஆசிட் வேண்டாம், களிம்புதான். வெறும் சிமெண்ட் தரை கழுவ எளிது, செலவு இல்லை, கெடுவதில்லை, இதெல்லாம் உண்மை. ஆனாலும் புதிதாகக் கட்டுபவர் இந்தத் தரையை வெறுமனே விட வேண்டாம். கான்கிரீட் 28 நாள் இறுகி, நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் கார் ஏறுவதற்கு முன்பே எபாக்சி என்னும் பிசின் பூச்சைப் பூசிவிடுங்கள். எண்ணெய் குடித்த தரையில் அது ஒட்டாது, உரிந்துவிடும். சாதாரண சிலேன் வகை வாட்டர் ரிப்பெல்லன்ட் தண்ணீரைத்தான் தடுக்கும், எஞ்சின் ஆயிலுக்கு அதை நம்ப முடியாது.

ஏழு வருடத்துக்கு ஒரு கறைதானே, இவ்வளவு கடுமை வேண்டுமா என்று கேட்கலாம். அந்தக் கறை உள்ளங்கை அளவு, இந்த வாரமும் திரும்பி வந்தது. மூன்றாவது பூச்சு இப்போது பாலிதீனுக்கு அடியில் இருக்கிறது. களிம்பின் நடுப்பகுதி மட்டும் தேன் நிறத்துக்கு மாறியிருக்கிறது.