மீன்முள் தேக்குத்தரை போடப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

யாங்கோனில் இந்த மழைக்குள் மரத்தரை போட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் போன செப்டம்பரில் போட்டேன். டிசம்பரில் பெயர்க்க வேண்டி வந்தது.

தாம்வேயில் அப்பா கட்டிய பழைய வீடு. தங்கை கல்யாணத்துக்கு முன்னால் கூடத்துக்கு மீன்முள் டிசைனில், அதாவது ஹெரிங்போன் மாதிரியில், தேக்குத்தரை போட ஆசைப்பட்டோம். காண்ட்ராக்டர் நம்ம தமிழ் ஆள், கோயிலில் பார்த்துப் பழகியவர். "முழுத் தேக்கு அக்கா, சூளையில் காய வைத்த சரக்கு" என்று ஒரு சாம்பிள் துண்டைக் கையில் கொடுத்தார். பொன் நிறம், தொட்டால் எண்ணெய்ப் பசை, மோந்தால் தோல் வாசனை. அந்தத் துண்டு அசல் தேக்குதான். நம்பி 70 சதவீதம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

நவம்பரில் மழை விட்டது. அப்புறம் தரை வாயைத் திறக்க ஆரம்பித்தது. சில இடங்களில் சீப்பின் பல் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. காயும்போது மரம் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. மீன்முள்ளில் ஒவ்வொரு துண்டின் தலையும் பக்கத்துத் துண்டின் விலாவில் முட்டி நிற்கிறது. ஒன்று சுருங்கினால் அடுத்ததும் பிடிப்பு விட்டுவிடும். சூளையில் காய்ந்த தேக்கில் ஈரம் 8 முதல் 12 சதவீதம்தான் இருக்கும். எங்களுக்கு வந்தது பச்சை மரம்.

அதைவிடப் பெரிய மோசடி, ஈரத்துணியால் துடைத்தபோது தெரிந்தது. துணியில் பழுப்புச் சாயம் ஒட்டியது. பெயர்த்துப் பார்த்தால் பாதித் துண்டுகளில் வைரமே, அதாவது மரத்தின் நடுவிலிருக்கும் கெட்டியான பகுதியே இல்லை, எல்லாம் பட்டையை ஒட்டிய வெளிறிய வெளிமரம், மேலே தேக்கு நிறம் பூசியிருக்கிறார்கள். தேக்கைப் பூச்சி அண்டாது என்று நாம் சொல்வது வைரத்துக்குத்தான். வெளிமரத்துக்கு அந்தச் சக்தி கிடையாது.

வேலையும் சரியில்லை. கூடத்தின் நடுவில் நூல் பிடித்து அங்கிருந்து இரண்டு பக்கமும் போட வேண்டும். இவர்கள் கோணல் சுவரை ஒட்டி ஆரம்பித்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் முள்ளின் நுனிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகின்றன. இந்த டிசைனில் ஓரத்தில் வெட்டுச் சேதம் அதிகம் என்று 15 சதவீதம் கூடுதல் மரத்துக்கும் காசு வாங்கினார். அது நியாயமான கணக்குதான். ஆனால் மிஞ்சிய ஒரு துண்டுகூட எங்கள் வீட்டில் இல்லை.

போனில் கேட்டதற்கு, "மரம்னா அப்படித்தான் அக்கா" என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை.

சாம்பிளைப் பார்த்து ஏமாறாதீர்கள். சரக்கு இறங்கியதும் கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து பத்துத் துண்டை உருவிப் பாருங்கள். மேல்பக்கத்தை ஈரத்துணியால் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஈரம் அளக்கும் மீட்டரை உங்கள் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பிறகுதான் மீதிப் பணம். முகத்தாட்சண்யம் பார்த்தால் நம் பணம்தான் போகும்.

தாம்வே பக்கம் யாருக்காவது இதே வேலைக்கு ஒருவர் விலை சொல்லியிருந்தால் என்னிடம் கேளுங்கள். பெயர்த்த துண்டுகள் வீட்டில்தான் இருக்கின்றன, நேரில் காட்டுகிறேன்.