ஆற்றில் விடுவதா, வயலில் பாய்ச்சுவதா?

நியூசிலாந்தின் கேன்டர்பரி சமவெளியில் பால்பவுடர் ஆலையைப் பெரிதாக்கினால் கழிவுநீரும் கூடும். அதைச் சுத்திகரித்து ஆற்றில் விடலாம், ஆனால் சுத்திகரிப்பு ஒரு நாள் சறுக்கினாலும் போதும், பால் சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும், ஆற்றை மூதாதையாகவே மதிக்கும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது பெரிய வேதனை.

வயலில் பாய்ச்சினால் புல்லுக்கு உரம், சரி. ஆனால் அங்கே பல இடங்களில் மேல்மண் மெல்லியது, அடியில் வெறும் கூழாங்கல். கழிவுநீரில் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட் என்ற உப்பாக மாறும்; புல் எடுத்தது போக மிச்ச நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கி வீட்டுக் கிணறு வரை போகும். குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜனுக்கு, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனுக்கு, அங்கே உச்சவரம்பு லிட்டருக்கு 11.3 மில்லிகிராம்; தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து.

என்னைக் கேட்டால் வயல்தான். அப்புறம், சுற்றுவட்டாரக் கிணறுகளை ஆலை தன் செலவிலேயே சோதிக்க வேண்டும்.